ஆயில் கூடிய வருடம்

“கண்ணுல காணாத ஒழுக்க நீ எங்க போயி அடைப்ப மருமவளே?”

அப்பாவின் தங்கையைக் கட்டிய மாமா இப்படிக் கேட்டபோது எங்கள் டிராக்டருக்கு அடியில் குந்தியிருந்தார். எஞ்சினுக்கு நேர் கீழே தரையைக் கையால் துடைத்து, உள்ளங்கையை என் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டினார். புழுதி ஒட்டியிருந்தது. ஈரம் இல்லை.

“ரேடியேட்டர்ல வெள்ளம் கொறயுதுன்னா கீழ விழணும். விழல்ல. அப்போ சூட்டுல ஆவியாப் போவுது. பழைய வண்டியாக்கும், வெள்ளம் குடிக்கும். குடிக்கட்டு. இதுக்கு எதுக்கு ஒரு டிப்ளமா?”

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரை நனைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒழுகுகிற தண்ணீர் வெளியே போய்விடுகிறது. தரையும் நனையாமல் ரேடியேட்டரிலும் நிற்காமல் காணாமல் போகிற தண்ணீர், எங்கேயோ உள்ளே கிடக்கிறது.

மாமா சுற்றுவட்டாரத்தில் பெயர் எடுத்த மெக்கானிக். எஞ்சின் சத்தத்தைத் தெருமுனையில் கேட்டே யாருடைய வண்டி என்று சொல்லிவிடுவார். என்னைத் தூக்கி வளர்த்தவர். ஆனாலும் அன்று அவர் சொன்னது தவறு. அதை அப்போதே சொன்னேன். “பாப்போம், பாப்போம்” என்று பைக்கை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து போட மட்டும் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. நாகர்கோவிலில் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஒரு டிராக்டர் சர்வீஸ் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த அன்று என்னைப் பில் போடும் மேசையில் உட்காரச் சொன்னார்கள். கொஞ்ச நாள் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து பட்டறைக்குள் போய் ஸ்பானரை எடுத்தேன். இப்போது அந்த மேசையில் வேறொருவர் இருக்கிறார். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் டிராக்டர் என்னைவிட மூத்தது. அப்பா பல வருடம் பிறத்தியார் வண்டியை ஓட்டி, பிறத்தியார் வயலை உழுது, கடைசியில் தனக்கென்று வாங்கிய வண்டி. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் வயலில் தண்ணீர் கட்டிச் சேறாக உழுது தொளி அடிக்கிற சில வாரங்கள்தான் அதற்கு வேலை. அந்த வாரங்களில் ஓடினால் மற்ற மாதங்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். வண்டி ஒரேயடியாக நின்றுவிட்டால் அப்பா மறுபடியும் பிறத்தியார் வண்டியில் ஏற வேண்டும். முழங்கால் வீங்கிப்போன ஒருவரை எந்த முதலாளி ஏற்றுவார் என்று நான் யோசிக்காமல் இருக்க முயன்றேன்.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேச்சிப்பாறை அணை திறந்து, எங்கள் ஊர்ச் சானலில் புதுத்தண்ணீர் வந்து சேருகிற அன்று, ரேடியேட்டரில் இருக்கிற பழைய தண்ணீரைத் திறந்து விட்டுவிடுவார். சானலில் ஒரு குடம் மொண்டு வந்து ஊற்றுவார். வயலுக்கு முன்னால் வண்டி குடிக்க வேண்டும். குடத்தில் அம்மா ஒரு கை மஞ்சள்பொடி போடுவாள். மங்கலத்துக்கு மங்கலம், சின்ன ஒழுக்கு இருந்தால் மஞ்சள் போய் அடைத்துக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் டிராக்டர் வைத்திருக்கிற பலரும் இதைச் செய்கிறார்கள். மஞ்சள் அடைக்கவும் செய்யும். ஆனால் எந்த ஓட்டையை அடைக்க வேண்டும், எந்த வழியை விட்டுவிட வேண்டும் என்று அதற்குத் தெரியாது. சானலின் முதல் தண்ணீரோ சிவப்பாக வரும். கோடை முழுக்கச் சானலில் கிடந்த எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். இந்த இரண்டும் வருடம் தவறாமல் எங்கள் எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருந்தன.

அது ஆனி மாதம். மேற்கே மலை இருந்த இடத்தில் கறுப்பு மட்டும்தான் தெரிந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி ஓடிய காற்று நாள் முழுக்க ஓலைகளைப் பிடித்து உலுக்கிற்று. அணை எந்த நாளும் திறக்கலாம் என்று பேச்சு. குளத்தடி வயல்காரர் முதல் உழவுக்கு அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தார். அவர் வயலில் முதலில் இறங்கும் வண்டியைத்தான் மற்றவர்களும் கூப்பிடுவார்கள்.

மாமா வந்து போன மறுநாள் காலை அப்பா என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். ஆயில் பார்க்கும் கம்பியை உருவிக் கையில் வைத்திருந்தார்.

“இந்த வருசம் பாத்தியா மக்ளே, ஆயில் குடிக்கவே இல்ல.”

கம்பியில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது.

“நீங்க ஊத்துனியளாப்பா?”

“நான் எதுக்கு ஊத்தணும்? அதுவே கூடியில்லா நிக்கி.”

வருடா வருடம் ஆயில் வாங்கி ஊற்றி அலுத்த மனுஷன். முகம் அப்படி மலர்ந்திருந்தது. ஆனால் எஞ்சினுக்குள் எதுவும் தானாகக் கூடாது. ஒரு பக்கம் தண்ணீர் குறைந்து, இன்னொரு பக்கம் ஆயில் கூடினால், குறைந்ததுதான் கூடியிருக்கிறது. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து உள்பக்கம் பார்த்தேன். தயிராடை போல வெளுப்பாக ஒன்று படிந்திருந்தது. விரலால் வழித்து அப்பாவிடம் காட்டினேன்.

“கிரீஸா இருக்கும்” என்றார்.

“அந்த மூடிக்கு யாருப்பா கிரீஸ் போடுவா?”

அவர் கம்பியைத் துடைத்துத் திரும்பச் செருகினார்.

தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. எஞ்சின் ஒரு ராத்திரி முழுக்க அசையாமல் நின்றால் அடியில் இறங்கிவிடும். மறுநாள் காலை, வண்டியை யாரும் தொடுவதற்கு முன், ஆயில் தங்கும் அடிச்சட்டியின் அடைப்பானை மெல்லத் தளர்த்தினேன். பட்டறையில் அந்தச் சட்டியைச் சேம்பர் என்பார்கள். சேம்பரிலிருந்து முதலில் ஆயில்தான் வர வேண்டும். தண்ணீர் வந்தது. மஞ்சள் கலங்கிய தண்ணீர், நூல் பிடித்தது போல இறங்கியது. அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். தண்ணீர் நின்று, கலங்கலாக ஏதோ வந்து, அப்புறம்தான் ஆயில் எட்டிப் பார்த்தது.

“செரி, போயாச்சுல்லா. மூடு.”

“அப்பா, இது உள்ள எறங்கிக்கிட்டே இருக்கு. நாளைக்கும் எறங்கும்.”

அவர் மாமாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். எனக்கும் கேட்கட்டும் என்றுதான்.

“தெனம் காலைல கொஞ்சம் தெறந்து விட்டுட்டு ஓட்டும் மச்சான்” என்றார் மாமா. “ரேடியேட்டர் மூடிய இறுக்காதயும், லூசா கெடக்கட்டு. அழுத்தம் இருக்காது, எறங்கியதும் கொறையும். இந்தப் பூ முடியட்டு, பிறகு அவுத்துப் பாப்போம். மருமவ அங்க நிக்காளா? கேட்டியா ஏட்டி? வண்டிக்கு ஒண்ணும் இல்ல. ஒனக்குத்தான் கொஞ்சம் சூடு கூடுதல்.”

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அவர்களுக்கு எப்படிச் சொல்வது? எஞ்சின் தண்டு சுற்றுவது ஆயிலின் மேல். தாள் கனம்கூட இல்லாத ஒரு படலம். அதில் தண்ணீர் கலந்தால் படலம் கிழியும். கிழிந்த இடத்தில் இரும்பு இரும்பை உரசும். தொளி வயலில் வண்டி முக்கி இழுக்கிற நேரத்தில்தான் அது நடக்கும். ஒரு வயல் தாங்கலாம், இரண்டு வயல் தாங்கலாம். எந்த வரப்பின் ஓரத்தில் ஒரு சத்தம் கேட்டு எல்லாம் இறுகிப்போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு கழற்றிப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன். அப்பா கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டே பின்னால் தொளிக்கான இரும்புச் சக்கரங்களை மாட்டினார்.

மூன்றாம் நாள் விடியும்போது சானலில் சத்தம் வந்துவிட்டது. வீட்டிலிருந்தே கேட்டது. தண்ணீர் ஓடுகிற சத்தம் எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்று அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு சானலுக்குப் போனார். அம்மா மஞ்சளை எடுக்க உள்ளே போனாள். முற்றத்தில் நானும் வண்டியும்தான்.

சேம்பர் அடைப்பானை முழுக்கக் கழற்றினேன். பெரிய அலுமினியச் சருவத்தை அடியில் வைத்தேன். எல்லா ஆயிலும் இறங்கி முடிகிறவரை பக்கத்திலேயே நின்றேன். ஆயில் இல்லாமல் அப்பா வண்டியைக் கிளப்ப மாட்டார். அந்த அளவுக்கு அவரை எனக்குத் தெரியும்.

அவர் நிறைகுடத்தோடு வந்தார். சருவத்தைப் பார்த்தார்.

“என்ன காரியம் செய்து வச்சிருக்க?”

“ஆயில எறக்கிட்டேம்பா.”

“திரும்ப ஊத்து.”

“இதையா?” என்று சருவத்தைச் சாய்த்துக் காட்டினேன். பால் தூக்கலாகப் போட்ட காப்பியின் நிறம். மேலே நுரை.

அம்மா வாசலில் வந்து நின்றாள். “மஞ்சளக் கையில வச்சிக்கிட்டு நான் எவ்வளவு நேரம் நிக்கியது? ஊத்தியளா, இல்ல கொழம்புல போடட்டா?”

இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா குடத்தைக் கீழே வைத்தார்.  என்னைத் திட்டியிருக்கலாம். வீட்டுக்குள் போய்க் குளத்தடி வயல்காரருக்குப் போன் போட்டார். நான் சேம்பர் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் வெளியே கேட்டது.

“இல்ல அண்ணாச்சி, வண்டி கொஞ்சம்... பிள்ள அவுத்துப் போட்டுட்டா. ...ஆமா. ...ஆமா அண்ணாச்சி, படிச்ச பிள்ளதான்.”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியாது. அப்பா போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தார்.

மாமா வரும்போதே கத்திக்கொண்டுதான் வந்தார். “ஏட்டி, ஓடிட்டு நின்ன எஞ்சினயா கொன்னு போட்டிருக்க?”

“செத்த பெறவு உங்கள விளிக்கியதுக்கு, இப்பமே விளிக்கட்டும்னு நெனச்சேன் மாமா. படுங்க.”

“எங்க?”

“வண்டிக்கு அடியில. கண்ணுல காணாத ஒழுக்கக் காட்டுதேன்.”

சாக்கை விரித்தேன். முறைத்துக்கொண்டே படுத்தார். ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பிவிட்டு நானும் பக்கத்தில் படுத்து டார்ச்சை மேலே அடித்தேன். சேம்பர் இல்லாததால் எஞ்சினின் உள்வயிறு முழுக்கத் தெரிந்தது. பிஸ்டன் ஏறி இறங்குகிற குழாய்க்கு லைனர் என்று பெயர். அதன் வெளிப்பக்கம் தண்ணீர் சூழ்ந்து நிற்கும். கீழ்முனையில் இருக்கிற ரப்பர் வளையம்தான் அந்தத் தண்ணீரை உள்ளே விடாமல் பிடித்திருக்கும். படுத்தபடி காத்திருந்தோம். காற்று தகரக் கொட்டகையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. முன்பக்க லைனர்கள் காய்ந்திருந்தன. பின்கடைசி லைனரின் ஓரத்தில் ஒரு மினுக்கம் தெரிந்தது. அது பருத்து, தொங்கி, மாமாவின் நெற்றியில் விழுந்தது.

அவர் துடைக்கவில்லை. அடுத்த சொட்டுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் விழுந்தது.

“சவம்” என்றார் மெதுவாக. “விழுதுல்லா.”

அதன் பிறகு மாமா மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பானரை எடுத்தார். இருவருமாக எஞ்சினைப் பிரித்தோம். தண்டைத் தாங்குகிற பேரிங்குகளைக் கழற்றித் துடைத்தபோது சாம்பல் நிறம் தெரிய வேண்டிய இடத்தில் செம்பு தெரிந்தது. மேல்பூச்சு தேய்ந்துவிட்டிருந்தது. அதை அப்பாவின் கையில் கொடுத்தேன். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டார். “குளத்தடி வயல்லயே நின்னிருக்கும்” என்றார்.

எஞ்சினை முறையான சூட்டில் வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய கூடு காலியாக இருந்தது.

“அத நான்தான் களஞ்சேன்” என்றார் மாமா. “நீ பொறக்கியதுக்கு முன்ன. நம்ம ஊரு சூட்டுக்கு அது எதுக்கு?”

“அது இல்லாமத்தான் மாமா வண்டி சூடாகவே மாட்டேங்கு. பச்ச எஞ்சினா ஓடி டீசலக் குடிக்கி, கரும்புகை தள்ளுது. இழுவை இல்ல, இழுவை இல்லன்னு டீசல் தெளிக்கிய நாசில மாத்தி மாத்தி என்ன ஆச்சு?”

“பேசு, பேசு. ஒனக்க நாளாக்கும்.”

பின்கடைசி லைனரை உருவினோம். அதைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டிய இடம் முழுக்க மஞ்சளும் வண்டலும் சேர்ந்து இறுகிய சேறு. தண்ணீர் பம்பிலிருந்து மிகத் தொலைவில் இருக்கிற மூலை அது. எங்கள் வீட்டு மங்கலம் அத்தனையும் அங்கே போய்த் தங்கியிருந்தது. திருப்புளியால் குத்திப் பெயர்க்க வேண்டியிருந்தது. பெயர்த்த இடத்தில், ரப்பர் வளையம் உட்காரும் இரும்பு கறையான் தின்ற மரம் போலக் குழிகுழியாக இருந்தது. புது லைனரும் புது வளையமும் வாங்கி வைத்திருந்தேன். ஆனால் வளையம் பிடிப்பதற்கு அங்கே சமமான இரும்பே இல்லை.

“ஒழுக்கு அடைக்கிய பேஸ்ட் போட்டு எறக்கினா இந்தப் பூ தாங்கும்” என்றார் மாமா.

“அப்புறம்?”

“அப்புறத்த அப்புறம் பாக்கலாம்.”

குழி விழுந்த இடத்தை வெட்டி எடுத்து, இரும்பு வளையம் ஒன்றை இறுக்கி, அளவுக்குக் கடைந்தால்தான் இது தீரும். மார்த்தாண்டத்தில் போரிங் பட்டறை ஒன்று இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு ஆபத்து உண்டு. எஞ்சினின் உடலான பிளாக் பழைய வார்ப்பு. சுவர் எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது என்று வெட்டினால்தான் தெரியும். வெட்டும்போதோ இறுக்கும்போதோ விண்டுவிட்டால், பிளாக் பழைய இரும்புக் கடைக்குத்தான். இப்போது குழியாவது இருக்கிறது, அப்போது அதுவும் இருக்காது. மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவிப் பார்த்தேன். விரிசல் இருந்தால் பொடியில் ஈரக்கோடு காட்டும். காட்டவில்லை. மேலே தெரிகிற விரிசலைத்தான் அது காட்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்பா மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார். வயல்களில் தண்ணீர் ஏறிவிட்டது. “கொண்டு போ” என்றும் சொல்லவில்லை, “வேண்டாம்” என்றும் சொல்லவில்லை. நான் லோடு ஆட்டோவை வரச் சொன்னேன். பிளாக்கை ஏற்றும்போது ஒரு முனையை மாமா பிடித்தார், மறுமுனையை அப்பா பிடித்தார்.

மார்த்தாண்டம் போய்ச் சேரும்வரை மழை விடவில்லை. பாலத்துக்குக் கீழே வண்டிகள் நகராமல் நின்றன. பிளாக்கின் மேல் போட்ட தார்ப்பாயை ஒரு கையால் பிடித்தபடியே போனேன். பட்டறைக்காரர் பிளாக்கைச் சுற்றி வந்து பார்த்தார். சுத்தியல் பிடியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

“வீட்டுல ஆணுங்க ஆரும் வரல்லியா?”

“நான் வந்திருக்கேன்.”

“அதில்ல மோளே. இது பழைய வார்ப்பாக்கும். சுவரு கனம் பத்தாது போல தோணுது. வெட்டி இறுக்கும்போ விண்டுச்சுன்னா பின்ன வந்து என்னெ ஒண்ணும் சொல்லப்பிடாது.”

“சொல்ல மாட்டேன்.”

“இன்னொருக்கா வீட்டுல கேக்கியா?”

“வேண்டாம். ஒரேயடியா வெட்டாதீங்க. கொஞ்சமா வெட்டுங்க, நான் அளந்து பாக்குதேன். பெறகு அடுத்தது.”

அவர் பிளாக்கை மேசையில் ஏற்றி இறுக்கினார். நான் அளவுக் கருவியைப் பையிலிருந்து எடுத்துத் துடைத்தேன்.

அப்பா போன் செய்தார். பின்னால் வேறொரு டிராக்டரின் சத்தம் கேட்டது. இழுத்து, முக்கி, வயலில் திரும்புகிற சத்தம். குளத்தடியில்தான் நிற்கிறார் என்று புரிந்தது.

“தெக்கேருந்து ஒரு வண்டி வந்து எறங்கியாச்சு மக்ளே” என்றார். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். “பக்கத்து வயல்காரன் நாளைக்குவரை பாக்கேன்னு சொல்லுதான். ஒனக்க மாமா பேஸ்ட் வாங்கி வச்சிருக்கான். நீ அத அப்படியே திருப்பிக் கொண்டு வந்துரு. இந்த ஒரு பூவ ஓட்டிருவோம். விண்டு போச்சுன்னா நமக்கு ஒண்ணும் இல்ல பாத்துக்கோ. இன்னும் வெட்டல்லல்லா?”

மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. வெட்டும் முனை பின்கடைசிக் குழாய்க்குள் இறங்கிவிட்டிருந்தது. வார்ப்பிரும்பு சுருளாக வராது. கறுப்புப் பொடியாக உதிரும். மேசையின் மேல் அது குவிய ஆரம்பித்திருந்தது.

“மக்ளே? கேக்குதா? வெட்டல்லல்லா?”

நான் போனை மிஷினுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தேன்.